ஊசித் துளை சொல்லும் சாட்சி

நம் சங்க மலரில் கோயில், இலக்கியம், சமையல் என்று பல கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள். இம்முறை ஒரு பழைய தோல் உடையைப் பற்றி எழுத ஆசிரியர் குழு எனக்கு இடம் தந்திருக்கிறது. "விமானிகளின் ஜாக்கெட் பற்றி எழுதப்போகிறேன்" என்று வீட்டில் சொன்னேன். "ஜாக்கெட்டைப் பத்தி எழுத உங்களுக்கு என்ன தெரியும்?" என்று என் மனைவி சிரித்தாள். நம் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறாகிவிட்டதால், கட்டுரை முழுவதும் 'கோட்டு' என்றே எழுதுகிறேன்.

நான் ஆம்பூர்ப் பக்கத்துக்காரன். தோல் பதனிடும் தொழில் கற்று, 1979ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தேன். தோல் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஓய்வு பெறும்வரை என் கையில் புரண்ட கோட்டுகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பழைய அமெரிக்க விமானிக் கோட்டுகளின் மாதிரியில் நாங்களே தைத்து அனுப்பியவையும் உண்டு. ஆகவே அசலைப் பற்றி மட்டுமல்ல, நகலைப் பற்றியும் எனக்குச் சற்றுத் தெரியும். ஆனால் தெரியும் என்ற அந்த எண்ணமே ஒருமுறை என்னைத் தவறு செய்ய வைத்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

இமயத்தைத் தாண்டிய கோட்டுகள்

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, சீனாவுக்குச் சரக்கு சென்ற பர்மாச் சாலை அடைபட்டது. மீதமிருந்த வழி ஆகாயம்தான். அஸ்ஸாமில் சபுவா, தின்ஜான் முதலிய இடங்களில் விமானத் தளங்கள் அமைந்தன. அங்கிருந்து இமயத்தின் கிழக்குக் கிளை மலைகளைத் தாண்டிச் சீனத்துக் குன்மிங் நகருக்கு அமெரிக்க விமானங்கள் பறந்தன. அந்த மலைத்தொடரை விமானிகள் 'ஹம்ப்', அதாவது திமில், என்று அழைத்தார்கள். 1945வரை சுமார் ஆறரை லட்சம் டன் சரக்கு இவ்வழியே போயிற்று. அதற்கு விலையாக ஏறக்குறைய 600 விமானங்கள் போயின. உயரத்தில் கடுங்குளிர், அதைத் தாங்கத்தான் தோல் கோட்டு.

ரயில் பாதைக்கும் இதில் பங்குண்டு. கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, ரயிலில்தான் அஸ்ஸாம் போய்ச் சேரவேண்டும். 1944 மார்ச் முதல் தேதி, பெங்கால் அஸ்ஸாம் ரயில்வேயின் கத்திஹார் முதல் லேடோ வரையிலான பகுதியை அமெரிக்க ராணுவத்தின் ரயில்வே பிரிவு நடத்த எடுத்துக்கொண்டது. இந்திய ஊழியர்கள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். போர் முடிந்து அமெரிக்கர்கள் ஊர் திரும்பியபோது, சில பொருள்கள் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் சில கோட்டுகளும் உண்டு.

நான் சொன்ன தவறான தீர்ப்பு

1986ஆம் ஆண்டு என்று நினைவு. எங்கள் அலுவலகத்தில் கணக்கராக இருந்த வங்காளிப் பெரியவரை எல்லோரும் 'தாதா' என்போம். ஒருநாள் அவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் டம்டம் விமானத் தளத்தில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமனுக்கு ஒரு அமெரிக்க விமானி தந்தது என்றார். மகளின் திருமணச் செலவு நெருக்கிக்கொண்டிருந்தது. "உண்மையான பொருளா என்று பார்த்துச் சொல்" என்று என்னிடம் கொடுத்தார்.

நான் முதலில் பார்த்தது ஜிப்பை. அது போருக்குப் பல ஆண்டுகள் பிந்திய ஜப்பானியத் தயாரிப்பு. "தாதா, இது போர்க்காலத்துக் கோட்டு இல்லை" என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். கழுத்தின் உட்புறம் ஒரு துணிச்சீட்டு இருந்தது. 'சீட்டை யார் வேண்டுமானாலும் தைக்கலாமே' என்று அதையும் தள்ளினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பழைய துணி வாங்குபவரிடம் மிகச் சொற்ப விலைக்குப் போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

சில ஆண்டுகள் கழித்து, பழைய மாதிரிகளைப் பார்த்து நகல் தைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அப்போதுதான் இந்தக் கோட்டுகளை முறையாகப் படிக்க நேர்ந்தது. ஜிப் என்பது கோட்டில் முதலில் கெடும் உறுப்பு. நாற்பது ஆண்டு உடுத்திய கோட்டில் ஜிப்பை மாற்றியிருப்பது இயல்பு. தாதாவின் கோட்டில் ஜிப் ஓரமாக இரண்டு வரிசைத் துளைகள் இருந்தது என் கண்ணில் பட்டது, மனத்தில்தான் படவில்லை. ஒரு வரிசையில் நூல் இருந்தது. மற்றொன்று வெறுமையாக இருந்தது. வெறுமையான அந்த வரிசைதான் பழைய ஜிப் இருந்த இடம்.

துணியில் குத்திய ஊசித் துளை துவைத்தால் மூடிக்கொள்ளும். தோலில் குத்திய துளை மூடாது. தையற்காரர் மறந்தாலும் தோல் மறப்பதில்லை. இதை நான் ஆம்பூரிலேயே படித்தவன். படித்தும் பயனில்லாமல் போயிற்று. இக்கட்டுரையின் பாடம் அதுதான்: ஒரே ஒரு அடையாளத்தை வைத்து எந்தக் கோட்டையும் அசல் என்றோ போலி என்றோ தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கோட்டுக் குடும்பம்

இனத்தை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவுக்கு 1927இல் வந்தது ஏ-1. முன்புறம் பொத்தான், கழுத்தில் பின்னல் பட்டி. 1931இல் வந்தது புகழ்பெற்ற ஏ-2. இதில் ஜிப், சட்டைக் காலர் போன்ற தோல் காலர், தோள்பட்டி. 1943இல் ராணுவம் இதை வாங்குவதை நிறுத்தி, துணிக் கோட்டுகளுக்கு மாறியது. 1988இல் அமெரிக்க விமானப்படை ஏ-2வை மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே ஏ-2 என்றாலே போர்க்காலம் என்று பொருளல்ல.

பி-3 என்பது 1934இல் வந்த தடித்த ஆட்டுக்கம்பளித் தோல் கோட்டு. மிக உயரத்தில் பறந்த குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்கள் அணிந்தது. இதே வகையில் பிரிட்டிஷ் விமானப்படையின் கோட்டு இர்வின். பாரசூட் செய்வதில் பெயர்பெற்ற லெஸ்லி இர்வின் உருவாக்கியது.

கடற்படை விமானிகளுடையது ஜி-1. ஆட்டு மயிர்க் காலரும், கையை வீசப் பின் தோளில் மடிப்பும் இதன் அடையாளம். 1986இல் வந்த 'டாப் கன்' திரைப்படத்தில் நாயகன் அணிவது இந்த இனம். அந்தப் படத்துக்குப் பிறகு உலகெங்கும் நகல்கள் பெருகின.

எம்ஏ-1 தோலே அல்ல; நைலான். போருக்குப் பின் ஜெட் விமானக் காலத்தில் வந்தது. பின்னாளில் உட்புறத்தை ஆரஞ்சு நிறமாக்கினார்கள். விழுந்த விமானி கோட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டால் தேடுபவர் கண்ணில் படுவார்.

சோதிக்கும் முறை

நம் வீடுகளில் கிடைக்கக்கூடியது ஏ-2 என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். வேண்டிய கருவிகள்: பூதக்கண்ணாடி, நல்ல பகல் வெளிச்சம், ஒரு வெள்ளைத் துணி, பொறுமை.

1. வெட்டு. அசல் ஏ-2வின் முதுகு ஒரே துண்டுத் தோல். நடுவில் தையல் கிடையாது. முன்னால் மூடியுள்ள இரண்டு பைகள். மூடியில் டிச் பட்டன். பக்கவாட்டில் கை நுழைக்கும் பை இல்லை. உள்ளேயும் பை இல்லை. உட்புறம் செல்போன் வைக்கும் பை இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை!

2. தோல். போர்க்கால ஏ-2 பெரும்பாலும் குதிரைத் தோல். சில ஆட்டுத் தோல். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆட்டுத் தோலின் மயிர்த்துளைகள் சிறு கூட்டங்களாக வரிசை கட்டி நிற்கும். மேற்பரப்பு பொடிக் கல் பாவியதுபோல் இருக்கும். குதிரைத் தோல் வழவழப்பாகவும் நெருக்கமாகவும் இருக்கும்.

3. துணிச்சீட்டு. கழுத்தின் உட்புறம் நெய்த சீட்டு. ஏ-2 என்ற வகைப்பெயர், 30-1415 என்ற வரைபட எண், ஒப்பந்த எண், தைத்த நிறுவனத்தின் பெயர், அரசுச் சொத்து என்ற வரி ஆகியவை இருக்கும். ஒப்பந்த எண் பலவற்றில் 'டபிள்யூ 535 ஏசி' என்று தொடங்கும். பிற்காலக் கோட்டுகளில் சீட்டு இன்னும் தெளிவாகப் பேசும். 'டிஎஸ்ஏ' என்று எண் தொடங்கினால் அது 1961க்குப் பிந்தியது. அந்த அலுவலகம் அப்போதுதான் ஏற்பட்டது. 1977இல் அதன் பெயர் மாறியதால் 'டிஎல்ஏ' என்றிருந்தால் அதற்கும் பிந்தியது. அந்த எண்ணுக்குள்ளேயே ஆண்டும் இருக்கும். 'டிஎஸ்ஏ 100-69' என்றால் 1969. ஆனால் சீட்டு தனியாகச் சாட்சி ஆகாது. அதைச் சுற்றியுள்ள தையலும் தோலின் நிறமும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

4. ஜிப். போர்க்காலத்தது உலோகம். டேலன், கிரவுன், கான்மார் முதலிய அமெரிக்கப் பெயர்கள் இழுப்பானில் காணப்படும். வேறு பெயர் இருந்தால் உடனே தள்ளாதீர்கள். ஓரத்தில் இரண்டாவது துளை வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

5. நூலும் உள்துணியும். அக்காலத்தில் பருத்தி நூல். கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் நீல விளக்கை இருட்டறையில் காட்டினால், பிற்காலச் செயற்கை நூல் பல நேரங்களில் வெண்ணீலமாக ஒளிரும். ஆனால் வீட்டில் யாராவது இக்காலச் சோப்புத்தூளில் உள்துணியைத் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். ஏனெனில் வெண்மை காட்டும் பொருள் சோப்புத்தூளிலேயே இருக்கிறது. விளக்கையும் அளவோடு நம்புங்கள்.

6. தேய்மானம். இது நகல் செய்தவன் சொல்லும் இரகசியம். புதுக் கோட்டைப் பழசாகக் காட்ட உப்புத்தாளால் தேய்ப்போம், நனைத்துக் கசக்குவோம். இதனால் தேய்மானம் எங்கும் ஒரே சீராக வந்துவிடும். மனிதன் உடுத்திய கோட்டு அப்படித் தேயாது. முழங்கை மடிப்பு, பை மூடியின் விளிம்பு, காலரின் மேல் மடிப்பு, கைப்பட்டியோரம் ஆகியவை தேயும். அக்குளை அடுத்த பகுதியும் காலரின் அடிப்புறமும் புதிதாகவே இருக்கும். நகலை நகல் என்று சொல்லி விற்பது நாணயமான வியாபாரம். அதையே பழசு என்று விற்றால்தான் குற்றம்.

7. போனவற்றின் தடம். பெயர்ச்சீட்டு, தோள் சின்னம், முதுகுத் துணி ஆகியவை தைத்திருந்து பிரித்திருந்தால் துளைகள் நிற்கும். மூடியிருந்த இடம் வெயில் படாமல் கருமையாக இருக்கும். இந்தியா, பர்மா, சீனா பகுதியில் இருந்த அமெரிக்கர்களின் தோள் சின்னம் கேடய வடிவம். மேலே நீலத்தில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகளும் இருக்கும். நம் நாட்டு ஜரிகைத் தொழிலாளர்களே கைவேலையாகச் செய்து கொடுத்த சின்னங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. முதுகில் சிலர் சீனக் கொடியும் சீன எழுத்தும் கொண்ட துணியைத் தைத்துக்கொண்டார்கள். "இவர் உங்களுக்கு உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்" என்று கிராமத்தாரை வேண்டும் துணி அது. உட்புறம் தைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அக்கா வீட்டுக் கோட்டு

லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அக்காவின் தகப்பனார் போர்க்காலத்தில் தின்சுகியாவில் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டி, "தம்பி, இதை நீங்க பார்க்கணும்" என்றார். உள்ளே ஒரு தோல் கோட்டு. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

இம்முறை நான் அவசரப்படவில்லை. மூன்று மாலை வேளைகள் எடுத்துக்கொண்டேன். முதுகு ஒரே துண்டு. குதிரைத் தோல். உள்ளே பை இல்லை. துணிச்சீட்டு பாதி கிழிந்து, 30-1415 என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது. ஜிப் உலோகம், ஓரத்தில் துளை ஒரே வரிசை, ஆக மாற்றப்படாதது. கைப்பட்டிகள் மட்டும் வேறு. அரக்கு நிறக் கம்பளியில் கையால் பின்னியவை. "அது அம்மா பின்னினது. எலி கடிச்சிடுத்துன்னு சொல்வா" என்றார் அக்கா.

இடது தோளில் கேடய வடிவில் துளைகள். நடுவில் தோல் கருத்திருந்தது. இடது மார்பில் பெயர்ச்சீட்டு இருந்த சிறு செவ்வகம். முதுகில் ஒரு சாண் அகலம், அதற்குச் சற்றே கூடிய உயரத்தில் பெரிய செவ்வகம். அதன் ஒரு மூலையில் மெல்லிய கத்திக் கீறல்.

கீறலைக் காட்டியதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பா ஒரு கதை சொல்வார் தம்பி. அந்த அமெரிக்கன் கோட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, முதுகில இருந்த கொடியை பிளேடால அறுத்து எடுத்துண்டானாம். 'இது எனக்கு, கோட்டு உனக்கு'ன்னானாம். நாங்கள்லாம் அப்பா அளக்கறார்னு சிரிப்போம்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

நான் அவரிடம் அளந்துதான் சொன்னேன். "அக்கா, இது போர்க்காலத்து ஏ-2. இதில் எனக்குச் சந்தேகமில்லை. முதுகில் ஏதோ தைத்திருந்தது, பிளேடால் எடுத்திருக்கிறார்கள். இதைத் தோல் சொல்கிறது. அது கொடி என்பதை உங்கள் அப்பா சொல்கிறார். இரண்டும் ஒத்துப்போகின்றன. கோட்டு யாருடையது என்பதை இரண்டும் சொல்லவில்லை."

வியாபாரி மறுபடி வந்தார். கோட்டு அசல்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு யோசனை சொன்னார்: புதிதாகச் சீனக் கொடித் துணி ஒன்றைப் பழசாக்கி, அதே துளைகளில் ஊசி நுழைத்துத் தைத்துவிட்டால் விலை பல மடங்காகும், கம்பளிப் பட்டியையும் மாற்றிவிடலாம். அதே துளையில் தைத்தால் கண்டுபிடிப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். அக்காவுக்குப் பணத் தேவை இருந்ததும் தெரியும். அதனால் நான் வாய் திறக்கவில்லை.

அக்காவே சொன்னார்: "எங்கப்பா ரயில்வே கணக்குல ஒரு அணா தப்பா எழுதினதில்லை. அவர் வச்சிருந்த கோட்டுல நான் பொய் தைக்கறதா? வேண்டாம்."

கோட்டு இருந்த நிலையிலேயே வேறொரு சேகரிப்பாளரிடம் போயிற்று. வியாபாரி ஆசை காட்டிய தொகையில் பாதிகூட வரவில்லை. மீதிக்கு அக்கா கடன் வாங்கினார். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். அப்பா சொன்ன கதையை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கோட்டோடு அனுப்பினார். இன்னொன்று டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இன்று அக்கா மாடிப்படி ஏறுகிறார்.

உங்கள் வீட்டில் இருந்தால்

பழைய தோல் பொருள் எதுவானாலும் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதையும் தடவாதீர்கள். நூல் அழுகும், துளைகள் அடையும், சாட்சியம் அழியும். கையில் செந்தூள் ஒட்டினால் தோல் நலிந்துவிட்டது என்று பொருள். மடிக்காமல் கிடத்தி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுவது நல்லது. பூச்சிக்கு வேப்பிலை போடுவதானால் தோலில் படாமல் துணி முடிப்பாக வையுங்கள். கிழிசலைத் தைக்கக் கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையை அவர்கள் இருக்கும்போதே தேதியிட்டு எழுதி வையுங்கள். கதை மட்டும் இருந்தால் அளப்பு என்பார்கள். பொருள் மட்டும் இருந்தால் ஊமை. இரண்டும் சேர்ந்தால்தான் சரித்திரம்.

தாதா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர் பெண்ணின் திருமணத்துக்கு நான் போயிருந்தேன். பந்தியில் அவரே எனக்குச் சந்தேஷ் பரிமாறினார். கோட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தவறு எனக்குப் புரிந்தபோது அவர் ஓய்வு பெற்றுத் தம் கிராமத்துக்குப் போய்விட்டிருந்தார். ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளட்டும்.